முதல் பக்கத்து நாலு பாட்டு

ஞாயிற்றுக்கிழமையானால் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சத்தமே இருக்காது. பவர் பிரஸ் ஓடாது, லேத் ஓடாது, வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்குவார். அந்த அமைதிக்காக நாங்கள் வாரம் முழுக்கக் காத்திருப்போம். வந்ததும் முதல் வேலையாக அதைக் கெடுப்போம்.

அப்போது நான் போல்ட், நட் செய்கிற ஒரு ஷெட்டில் டர்னர். கல்யாணத்துக்கு முன்னால், எழுபதுகளின் தொடக்கம். மணவாள நகரில் ஒரு சின்ன ரூம். உங்கள் அப்பா ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வயதில் அப்படி இல்லை. டீக்கடையில் நின்றுகொண்டே குடிப்பேன். பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பவர் டீ சிந்தி என்னைத் திட்டுவார்.

நாங்கள் மூன்று பேர். எங்கள் ஷெட்டிலேயே பிரஸ் ஓட்டுகிறவன் ஒருத்தன், அவன்தான் டிரம்மர். வாய் அதிகம். இன்னொருத்தன் பெரம்பூர்க்காரன், பக்கத்து ஷெட்டில் ஃபிட்டர், எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது ரயில்வே காலனியில் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கிளப். மூன்றாவது நான். பெட்டி கிட்டாரில் கார்டு பிடித்துக்கொண்டு பாடுவேன். பாட்டெல்லாம் நான் எழுதியது. சங்கு ஊதுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவன், காலை வண்டியைத் தவற விட்டவன், இப்படி. அந்த இங்கிலீஷ் ராக் தாளத்துக்குத் தமிழில் எழுதுகிறவன் திருவள்ளூரில் நான் ஒருத்தன்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆம்ப்ளிஃபயர், மைக், டேப் ரெக்கார்டர் எல்லாம் மைக் செட் அண்ணனுடையது. டவுனில் கடை வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களை நைனா என்றுதான் கூப்பிடுவார். அந்த ரெக்கார்டர் ஸ்பூல் சுற்றுகிற பெரிய பெட்டி. கல்யாணம் காதுகுத்துக்கு வாடகைக்குப் போகும். ஞாயிறு மட்டும் எங்களுக்கு.

மெட்ராஸில் ஒரு ரிக்கார்டு கம்பெனிக்காரர் எங்கள் பாட்டை ஒரு போட்டியில் கேட்டிருந்தார். "நாலு நாலா ரெண்டு பக்கமும் எட்டுப் பாட்டு டேப் பண்ணிக் கொண்டாங்க, புடிச்சா இசைத்தட்டாப் போடலாம்" என்றார். ஆனால் அவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்திருந்தது. மாசி பிறப்பதற்குள் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் யார் உட்காருவார், அவர் இதையெல்லாம் கேட்பாரா என்பது தெரியாது. அந்த ஒரு தட்டுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதாக ஞாபகமில்லை.

முதல் பக்கத்து நாலு பாட்டும் மார்கழியில் முடிந்தது. எங்கள் ஷெட்டின் ஜன்னலில் வேஸ்ட் துணி மூட்டைகளை அடைத்து, டிரம்முக்குக் கீழே சாக்கு விரித்துப் பதிவு செய்தோம். நடுப்பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூடேறி டக் டக்கென்று விரியும். அதுவும் டேப்பில் விழுந்தது. பெரம்பூர்க்காரன் வாசிப்பில் ஒரு குணம் உண்டு. நான் ஒரு வரியை முடிக்கும் முன்பே உள்ளே வந்துவிடுவான், கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் நுழைகிற சொந்தக்காரன் மாதிரி. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவன் வருகிற இடத்துக்காகவே நான் வரியை எழுத ஆரம்பித்தேன்.

பொங்கல் முடிந்த வாரம், டீக்கடையில் நின்றுகொண்டு அவன் சொன்னான்.

"பாம்பேல ஒரு ஓட்டல்ல பேண்டுக்கு ஆள் எடுக்கறாங்க. மாமா பேசி முடிச்சிட்டாரு. இந்த வாரம் கெளம்பறேன்."

டிரம்மர் கிளாஸை வைத்தான். "மீதி நாலு பாட்டு?"

"வேற ஆளப் பாருங்கடா."

"வேற ஆளா? திருவள்ளூர்ல கிட்டார்னா அது எந்த ஊருன்னு கேக்கறான். இன்னா பேசற நீ?"

"நான் டெய்லி நாள் பூரா போல்ட்டு மேல நட்டப் போட்டுக்கினு கீறன்டா. அங்க டெய்லி வாசிக்கலாம். நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

டிரம்மர் மூன்று டீக்கும் காசை எண்ணி வைத்தான். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

போவதற்கு முந்தின ஞாயிறு ஒரு நல்ல காரியம் செய்தான். மீதி நாலு பாட்டுக்கும் தான் வாசிக்க நினைத்திருந்ததை, புதிதாக வருகிறவன் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று, டேப்பின் இரண்டாம் பக்கத்தில் மாதிரிக்கு வாசித்து வைத்துவிட்டுப் போனான். சுருதி சேர்க்கிற ஊதுகுழலையும் என்னிடம் கொடுத்துவிட்டான்.

புதிய ஆளை நாங்கள் தேடிக் கண்டுபிடித்தோம் என்று சொல்ல முடியாது. பழவேற்காடு பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் கங்கையம்மன் கோயில் விசேஷத்துக்கு அண்ணன் மைக் செட் கட்டப் போனார், ஒயர் இழுக்க எங்களையும் கூட்டிப்போனார். அங்கே ஒருத்தர் பேஞ்சோ வாசித்தார். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பலகை மேல் தந்தி, அதன் மேல் டைப் மெஷின் மாதிரி வரிசையாகக் கட்டைகள். இடது கை கட்டையை அழுத்தும், வலது கை தந்தியைத் தட்டும். அதில் ஒரு கிட்டார் பிக்கப்பை அவரே மாட்டி வைத்திருந்தார். எங்களைவிடக் கொஞ்சம் பெரியவர், கல்யாணமானவர். உப்பங்காற்றில் கறுத்த ஆள். நின்ற இடத்தில் அசையாமல் வாசித்தார், விரல்கள் மட்டும் பறந்தன.

டிரம்மர் என் காதில், "கிட்டார் இல்ல, ஆனா கிட்டாருக்குப் பெரியப்பா" என்றான்.

போய்க் கேட்டோம். தட்டு என்றதும் அவர் முகம் மாறியது. "தட்டுல என் வாசிப்பு வருமா? மெய்யாலுமா?" என்றார். ஒரு வியாழக்கிழமை பேஞ்சோவைத் துணியில் சுற்றிக்கொண்டு என் ரூமுக்கு வந்து சேர்ந்தார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நான் லேத்தில் நிற்க, அவர், வாடகைக்கு விடாமல் அண்ணனிடம் கெஞ்சி வாங்கிய ரெக்கார்டரோடு, எங்கள் ஷெட்டின் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தார். வெளியே பிரஸ் அடிக்கிற சத்தத்தில் காது கேட்காது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெரம்பூர்க்காரன் விட்டுப்போன மாதிரியைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதோடு சேர்த்துத் தந்தியை முறுக்கிக்கொண்டு வாசித்துப் பழகினார். எனக்கு வேலையில் கை நிற்கவில்லை. ஒரு இஞ்சு கடைவதற்குள் நாலு தடவை ஸ்டோர் ரூமை எட்டிப் பார்த்தேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஞாயிறு காலை, நாஷ்டா முடித்து உட்கார்ந்தோம். டிரம்மர் குச்சியைத் தட்டினான். ஆரம்பித்தோம். நாலு எண்ணுவதற்குள் நின்றுவிட்டோம். அவருடைய சுருதி என் கிட்டாருக்குக் கீழே கிடந்தது. சேரவே இல்லை.

"அண்ணே, கொஞ்சம் ஏத்துங்க" என்றேன்.

"நான் டேப்புப் பொட்டியோட சேத்து வச்சது இது. உன்னுதுதான் ஏறிக் கெடக்குது தம்பி, எறக்கு."

ஊதுகுழலை எடுத்து ஊதிக் காட்டினேன். என் கிட்டார் அதோடு ஒட்டியது. அவர் முணுமுணுத்துக்கொண்டே தந்தியை முறுக்கி ஏற்றினார். மறுபடியும் ஆரம்பித்தோம். சுருதி சேர்ந்தது, வேகம் சேரவில்லை. நாங்கள் ஓடினோம், அவர் நடந்தார்.

டிரம்மர் குச்சியைக் கீழே போட்டான். "வாத்யாரே, இது பாட்டு, பாடை இல்ல. தூக்கிக்கினு மெதுவா நடக்கறீங்க."

"அந்தாளு இப்படித்தான் வாசிச்சிருக்கான். மூணு நாளாக் கேக்கறேன். எனக்கு இன்னா காது செவுடா?"

"அதான் எனக்கும் டவுட்டு."

அண்ணன் நடுவில் வந்தார். "சண்ட வேணா நைனா. டேப்பப் போட்டுப் பாத்துரலாம்." போட்டார். பெரம்பூர்க்காரன் வாசிப்பு வந்தது. சுருதி என்னோடு, வேகம் டிரம்மரோடு. புதியவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூன்று நாள் கேட்டது இது இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது, ஆனால் கண்ணெதிரே ஓடுவது இதுதான். பேஞ்சோவைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

மாசி பிறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. இவரும் போனால் தட்டு போச்சு. ஆனால் காது இல்லாத ஆளை எப்படி நிறுத்துவது? டேப் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் பக்கத்து ஷெட்டில் வெல்டிங் ஆரம்பித்தது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லாத வழக்கம். ஜன்னல் வழியே நீல வெளிச்சம் வெட்டியது. கூரையில் தொங்கிய பல்பு சிவந்து மங்கியது. டேப்பில் ஓடிய பாட்டு, யாரோ காலைப் பிடித்துக் கீழே இழுத்த மாதிரி, இறங்கி, குரல் தடித்து, நடை தளர்ந்து போனது. வெல்டிங் நின்றது. பாட்டு மறுபடி எழுந்து ஓடியது. மறுபடி வெல்டிங். மறுபடி இறங்கியது.

புதியவர் துணியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"இதான்," என்றார். "இதத்தான் நான் கேட்டேன்."

நாங்கள் மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தோம். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டே மூடியிருக்கும்போது பதிவு செய்தது. வார நாளில் எல்லா மோட்டாரும் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பழைய பெட்டி மெதுவாகத்தான் சுற்றும். அதைத்தான் அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோம். வெல்டிங் மெஷின் ஒன்று ஓடினாலே விளக்கு மங்குகிற ஊரில் வேலை செய்கிறவர்கள் நாங்கள், எங்களுக்கு அது தோன்றவில்லை.

டிரம்மர் எழுந்து போய் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க காது இருக்கற எடத்துலதான் இருக்குது. எங்க மூள எங்க கீதுன்னுதான் தேடணும்."

அவர் சிரிக்கவில்லை. "பாடைன்னு சொன்ன இல்ல. வா, இப்ப ஓடிக் காட்டறேன்" என்று துணியைப் பிரித்தார்.

அடுத்த வாரம் நிதானமாகப் பதிவு செய்யலாம் என்றேன். முடியாது என்றார். அடுத்த ஞாயிறு அவருடைய பாடு. அவர்கள் ஏரியில் வலை கட்ட நல்ல இடம் கொஞ்சம்தான் உண்டு. எந்த வீட்டுக்காரன் எந்த நாளில் எந்த இடம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அவருடைய நாள் வந்தால் அவர் அங்கே நிற்க வேண்டும். விட்டால் அடுத்த சுற்று வரைக்கும் போச்சு. "பொண்டாட்டி செத்தாக்கூட எரிச்சிட்டுப் போயி வலையக் கட்டுவான் எங்க ஊர்ல" என்றார். அதனால் அன்றைக்கே நாலு பாட்டையும் முடிக்க வேண்டும்.

நான் பக்கத்து ஷெட்டுக்கு ஓடினேன். வெல்டர் ஒரு கல்யாண மண்டபத்து கேட்டைப் படுக்கப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். திங்கள் காலையில் வண்டி வந்துவிடும், நிறுத்த முடியாது என்றார். கெஞ்சினேன். கடைசியில் ஒரு ஏற்பாடு. நாங்கள் வாசிக்கும்போது ஜன்னலில் சிவப்பு வேஸ்ட் துணியைத் தொங்கவிட வேண்டும், அவர் ராடை எடுத்துவிடுவார். துணியை எடுத்தால் அவர் ஒட்டுவார். "ஆனா ஒவ்வொரு பாட்டும் முடிஞ்சா எனக்குப் போட்டுக் காட்டணும். வேலைய நிறுத்திக்கினு சும்மா நிக்க முடியாது" என்றார்.

அன்று மத்தியானம் எப்படிப் போனது என்று இப்போதும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. துணியைக் கட்டுவது, ஓடிவந்து கிட்டாரை மாட்டுவது, வாசிப்பது, துணியை அவிழ்ப்பது, நீல வெளிச்சம், தண்ணீர், மறுபடி துணி. சாப்பிட்டோமா என்று தெரியவில்லை. புதியவர் பெரம்பூர்க்காரன் மாதிரி முன்னால் நுழைகிறவர் இல்லை. நான் முழு வரியும் பாடி முடிக்கும் வரை பொறுப்பார், முடித்து மூச்சு வாங்குகிற அந்தச் சின்ன சந்தில் மழை மாதிரி கொட்டுவார். எனக்குத் தடுமாறியது. இரண்டாவது பாட்டுக்குள் பழகிவிட்டது. சாயங்கால பவர் கட்டுக்குச் சற்று முன்னால் நாலாவது பாட்டு முடிந்தது. வெல்டர் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "கடைசி பாட்டு தேவலாம்" என்றார். அதற்கே டிரம்மர் அவரைக் கட்டிப் பிடித்தான்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு நாலு பேரும் மெட்ராஸ் போனோம். கம்பெனிக்காரர் இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேட்டார். அவர் கேட்கும்போது பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார், நான் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டு நல்லா இருக்கு," என்றார். "ஆனா மொதல் பக்கம் ஒரு குரூப், ரெண்டாவது பக்கம் வேற குரூப். நான் எந்தக் குரூப்பத் தட்டுல போடறது?"

"கிட்டார்காரர் பாம்பே போய்ட்டாரு சார். இப்ப இவர்தான்."

"அப்ப மொதல் நாலையும் இவர வச்சே பண்ணிட்டு வாங்க. இல்ல, அவரக் கூப்ட்டு ரெண்டாவது நாலையும் பண்ணுங்க. எதுனாலும் ஒருத்தர். நான் கெளம்பறதுக்குள்ள."

திரும்பி வருகிற வண்டியில் சண்டை. எங்களிடம் இருந்தது ஒரே ஸ்பூல். அண்ணன் பர்மா பஜார் முழுக்க அலைந்து பார்த்தாகிவிட்டது, இன்னொன்று கிடைக்கவில்லை. முதல் பக்கத்தில் புதிதாகப் பதிவு செய்தால், இரண்டாம் பக்கத்தில் அவன் வாசித்துவைத்த மாதிரி அழிந்தது போலவே, பழையது தானாக அழியும்.

டிரம்மர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவன் வாசிச்சதுன்னு இந்த ஒலகத்துலயே அந்த நாலு பாட்டுதான் கீது. அழிச்சிட்டா?"

"அவரு போன எடத்துல டெய்லி வாசிக்கறாரு நைனா," என்றார் அண்ணன்.

"அங்க வாசிக்கறது ஊரான் பாட்டு. இது நம்ப பாட்டு."

புதியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் வாசலில் நின்றார். நானும் போனேன். எனக்கும் உட்கார முடியவில்லை. திருநின்றவூர் தாண்டி வயல் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றார். "எனக்கு அந்த நாலும் வாசிக்கணும். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பாதித் தட்டுல நான் கீறேன், மீதியத் திருப்பாதீங்கன்னா சொல்றது?"

எனக்காகப் பார்க்காதே, பழையது இருக்கட்டும் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போல. சொல்லவில்லை. அது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. அவருக்கு வேண்டியதும் எனக்கு வேண்டியதும் ஒன்றுதான். டிரம்மருக்கு மட்டும் வேறு.

தட்டு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அட்டையில் எங்கள் படம்கூட இல்லை, ஒரு சூரியன் படம் போட்டிருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். அவருடைய பாடு முடிந்து அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் நான் சொல்ல நினைத்தது.

அன்று எஸ்டேட்டில் வெல்டிங்கும் இல்லை. டிரம்மர் வருவானா என்று சந்தேகமாக இருந்தது. வந்தான், லேட்டாக, யாருக்கும் வணக்கம் சொல்லாமல் டிரம் பின்னால் போய் உட்கார்ந்தான். அண்ணன் டேப்பின் முதல் பக்கத்தைப் போட்டு, ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்துவிட்டு, பெட்டியைவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நீ அழுத்து நைனா. உன் பாட்டு" என்றார்.

ரெக்கார்டு பொத்தானும் இன்னொன்றும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு விரலையும் வைத்துக்கொண்டு நின்றேன். டிரம்மர் பின்னாலிருந்து, "பாத்துக்கினே இருந்தா அது தானா அமுங்காது" என்றான். அழுத்தினேன்.

ஆரம்பித்தோம். முதல் வரி பாடினேன். இரண்டாவது வரியின் பாதியில், பழக்கத்தில், பெரம்பூர்க்காரன் உள்ளே வருகிற இடத்தில் அவனுக்காக வாயை மூடிவிட்டேன். யாரும் வரவில்லை. புதியவர் நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். நான் அவன் வரட்டும் என்று காத்திருந்தேன். நடுவில் டிரம் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

நிறுத்தினோம். அண்ணன் எவ்வளவு பதிவானது என்று பார்க்க டேப்பைத் திருப்பிச் சுற்றிப் போட்டார். எங்கள் சத்தம் வந்தது. என் குரல், ஒன்றரை வரி, பிறகு அந்த வெறும் டிரம், பிறகு பொத்தானின் கிளிக். அது முடிந்த இடத்திலிருந்து பழைய பதிவு தொடர்ந்தது. பாட்டின் நடுவிலிருந்து, எந்த அறிவிப்பும் இல்லாமல், பெரம்பூர்க்காரனின் கிட்டார் வந்து நின்றது. பின்னால் கூரை டக் டக்கென்று விரிந்துகொண்டிருந்தது.

யாரும் நிறுத்தவில்லை. பாட்டு முடியும் வரை கேட்டோம். டிரம்மர் தலையைக் குனிந்து குச்சிகளைத் தொடைக்கு நடுவில் வைத்திருந்தான். புதியவர் பெட்டிக்கு மிக அருகில் வந்து, காதைச் சாய்த்துக் கேட்டார். இந்த முறை சரியான வேகத்தில் கேட்டார்.

"நல்லாத்தான் வாசிக்கறான்," என்றார். பேஞ்சோவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "மேல போலாமா?" என்றார்.

டிரம்மரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. குச்சியை எடுத்துக் கையில் பிடித்தான், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டில் அழிந்தது ஆரம்பத்தில் கொஞ்சம்தான், முக்கால்வாசி அவனுடையது அப்படியே இருந்தது. மற்ற மூன்றில் யாரும் கை வைக்கவில்லை. அங்கேயே விட்டிருக்கலாம்.

"மொதல்லருந்து" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுற்றினேன். இந்தத் தடவை இரண்டு விரலையும் வைத்ததும் அழுத்திவிட்டேன், யோசிக்க நேரம் கொடுக்காமல். முதல் வரி. இரண்டாவது வரி. வாயை மூடவில்லை, கடைசி எழுத்து வரை பாடினேன். மூச்சு வாங்கினேன். அவர் வந்தார்.